"மகன எந்த மீடியத்துல போடுற, டீச்சர்?"



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் நாலு வயது, அஞ்சு வயதுப் பிள்ளை இருப்பவர்கள் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள்.

முதலாம் தர விண்ணப்பக் காலம் வந்துவிட்டால் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு வரும் கோல்களில் பாதி ஒரே கேள்விதான். "டீச்சர், மகன எந்த மீடியத்துல போடுற?" கொட்டாஞ்சேனையிலிருந்தும் வரும், வெள்ளவத்தையிலிருந்தும் வரும். கேட்கும் உம்மாமார் பதிலையும் தாங்களே சொல்லிவிடுவார்கள். "தமிழ்ல போட்டா நாளைக்கு ஜொப் எடுக்க ஏலாது எண்டு சொல்றாங்க. சிங்களத்துல போட்டா மார்க்கம் தெரியாமப் போகும் எண்டு மாமி சொல்றாங்க. இங்கிலீஷ்ல போட சல்லி இல்ல."

இந்த மூன்று வரிக்குள் கொழும்பு முஸ்லிம்களின் நூறு வருடக் கவலை இருக்கிறது. ஒவ்வொரு கோலிலும் இரண்டு நிமிடத்தில் அரைகுறையாகப் பதில் சொல்வதை விட ஒரு தடவை முழுதாக எழுதிவிடுவோம் என்று நினைத்தோம்.

முதலில் வகுப்பறையில் நடந்த ஒரு விஷயம்.

ஒரு நாள் பாடத்தில் ஆபிரிக்கா வந்தது. ஒரு பிள்ளை எழும்பி, "டீச்சர், ஆபிரிக்காவுல என்ன பாஷை பேசுற? ஆபிரிக்க பாஷையா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். ஆபிரிக்கா ஒரு நாடு இல்லை, அங்கே ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன, தென்னாபிரிக்கா என்ற ஒரே நாட்டில் மட்டும் 1996 அரசியலமைப்பின்படி 11 மொழிகள் ஆட்சிமொழிகள், 2023இல் சைகை மொழியையும் சேர்த்து இப்போது 12 என்று சொன்னோம். பிள்ளைகளால் நம்ப முடியவில்லை. "எப்படி டீச்சர் ஒரு நாட்டுல பன்னெண்டு பாஷை?"

"சரி, நம்மட வகுப்புல எத்தனை பாஷை இருக்கு எண்டு பார்ப்போம்" என்று கரும்பலகையில் எழுதத் தொடங்கினோம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் உடனே வந்தன. ஓதுவதற்கு அரபு. ஒரு பிள்ளை, "எங்கட வீட்டுல அப்பா மலாய்லதான் ஏசுவாரு" என்றது. இன்னொரு பிள்ளையின் வீட்டில் மேமன். ஒருவனின் தாய் வழி மலையாளம். பக்கத்துத் தையல் கடைக்காரர் போரா, குஜராத்தி பேசுவார் என்றது ஒரு பிள்ளை. ஒரே வகுப்பறையில் எட்டு மொழி. ஆபிரிக்காவைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள்.

அன்று வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் ஒன்று யோசித்தோம். இத்தனை மொழிக்கு நடுவில் பிறக்கும் பிள்ளைக்கு "எந்த மொழி" என்ற கேள்வி ஏன் இவ்வளவு பயமாக இருக்கிறது?

அந்தப் பயம் சும்மா வந்தது இல்லை. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. நமது தலைவர்களில் சர் ராசிக் பரீத் போன்றவர்கள் அன்று அதை ஆதரித்தார்கள். வடகிழக்குக்கு வெளியே, சிங்கள ஊர்களுக்கு நடுவில் சிதறி வாழும் சமூகம் பெரும்பான்மையோடு ஒத்துப்போவதே நல்லது என்பது அவர்கள் கணக்கு. இன்னொரு பக்கம் அதற்கு முன்பே, 1888இல், பொன்னம்பலம் இராமநாதன் சோனகர்களும் இனத்தால் தமிழர்களே என்று எழுதினார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து எழுதினார். அன்றிலிருந்து நமக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. தமிழ் பேசினால் தமிழர் ஆகிவிடுவோமோ, சிங்களம் பேசாவிட்டால் அந்நியர் ஆகிவிடுவோமோ என்று மொழியை எப்போதும் அரசியல் தராசில் வைத்தே பார்ப்பது.

சுதந்திரத்துக்கு முந்திய காலத்தில் தாய்மொழிக் கல்வி கொண்டுவரப்பட்டபோது முஸ்லிம் பெற்றோருக்கு மொழியைத் தெரிவு செய்யும் சலுகை இருந்தது. சிங்களப் பிள்ளைக்குச் சிங்களம், தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ். நமக்கு விருப்பம்போல. சலுகைதான். ஆனால் அந்தத் தெரிவின் பாரத்தை இன்றைக்கும் ஒவ்வொரு உம்மாவும் வாப்பாவும் தனியாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

இனி ஆபிரிக்காவுக்குத் திரும்புவோம். அங்கே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. நமக்கும் அந்த மண்ணுக்கும் ஒரு பழைய உறவும் இருக்கிறது.

மக்காசரைச் சேர்ந்த ஷெய்க் யூசுப் அவர்களை ஒல்லாந்தர் 1684இல் இலங்கைக்கு நாடுகடத்தினார்கள். பத்து வருடம் இங்கே இருந்தார்கள். பிறகு 1694இல் இங்கிருந்து தென்னாபிரிக்காவின் கேப் பகுதிக்கு அனுப்பினார்கள். அங்கே இஸ்லாம் வேரூன்றிய வரலாறு அவர்களின் பெயரோடுதான் தொடங்குகிறது. அந்தக் கேப் முஸ்லிம்கள், நாடுகடத்தப்பட்டவர்களும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும், காலப்போக்கில் ஒல்லாந்து மொழியிலிருந்து பிறந்த ஆபிரிகான்ஸ் மொழியையே வீட்டில் பேசினார்கள். தங்கள் மத்ரஸாக்களில் அந்த ஆபிரிகான்ஸை அரபு எழுத்தில் எழுதினார்கள். உதுமானிய ஆட்சி அனுப்பிய அபூபக்ர் எஃபெந்தி அவர்கள் எழுதிய மார்க்கச் சட்ட நூல் 1877இல் இஸ்தான்புலில் அச்சானது. அரபு எழுத்து, ஆபிரிகான்ஸ் மொழி.

இதைப் படித்தபோது எங்களுக்கு உம்மும்மாவின் பெட்டிதான் ஞாபகம் வந்தது. நமது முன்னோரும் இதையேதானே செய்தார்கள்? அரபு எழுத்தில் தமிழ். அரபுத்தமிழ் கிதாபுகள். தமிழ் எழுத்துத் தெரியாத எத்தனையோ பெண்கள் அந்தக் கிதாபுகளை வைத்துத் தொழுகையின் சட்டம், நோன்பின் சட்டம் எல்லாம் படித்தார்கள். கேப் டவுனிலும் காயல்பட்டினத்திலும் பேருவளையிலும் ஒரே எண்ணம். மார்க்கத்தைப் பிள்ளைக்கு வீட்டு மொழியில் கொடு.

ஆனால் அதே ஆபிரிகான்ஸுக்கு இன்னொரு முகம் வந்தது. நிறவெறி அரசாங்கம் கறுப்பினப் பாடசாலைகளில் பாதிப் பாடங்களை ஆபிரிகான்ஸில் படிப்பிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. 1976 ஜூன் 16ஆம் திகதி சொவெட்டோவில் மாணவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். பொலிஸ் சுட்டது. அன்று தொடங்கிய போராட்டத்தில் நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தார்கள், அவர்களில் பலர் பாடசாலைப் பிள்ளைகள்.

மொழி ஒன்றுதான். மத்ரஸாவில் உம்மா சொல்லிக்கொடுத்தபோது அது பிள்ளைக்கு அமானிதம். துப்பாக்கியோடு வந்தபோது அது விலங்கு. மொழியில் குற்றம் இல்லை, திணிப்பதில்தான் குற்றம். 1956ஐயும் நாம் இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். சிங்களம் நமது பக்கத்து வீட்டு மொழி, சந்தை மொழி, சிநேகித மொழி. அதைச் சட்டத்தால் மற்றவர்களின் தலையில் வைத்தபோதுதான் அது கசந்தது. அந்தக் கசப்புக்காகச் சிங்களத்தை வெறுப்பதும் தவறு. அந்தப் பயத்துக்காகத் தமிழை விடுவதும் தவறு.

அண்மைக்கால உதாரணம் கமரூன். பிரெஞ்சும் ஆங்கிலமும் அங்கே ஆட்சிமொழிகள். காகிதத்தில் இரண்டும் சமம். 2016இல் ஆங்கிலம் பேசும் பகுதியின் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும், எங்கள் நீதிமன்றத்துக்கும் வகுப்பறைக்கும் எங்கள் மொழி தெரியாதவர்களை அனுப்பாதீர்கள் என்று போராடினார்கள். அது ஆயுத மோதலாகி, அந்தப் பகுதிப் பாடசாலைகள் வருடக்கணக்கில் மூடிக் கிடந்தன. சமத்துவம் காகிதத்தில் மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்பதை இலங்கையருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

நமது காகிதத்தையும் பார்ப்போம். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது, ஆங்கிலத்தை இணைப்பு மொழி ஆக்கியது. கொழும்பு, திம்பிரிகஸ்யாய இரண்டும் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. அதாவது கொட்டாஞ்சேனைக்காரருக்கும் வெள்ளவத்தைக்காரருக்கும் பிரதேச செயலகத்தில் தமிழில் கடிதம் கொடுத்துத் தமிழில் பதில் கேட்கும் உரிமை இருக்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தாலும் எத்தனை பேர் கேட்கிறோம்? 2021 மே மாதம் சட்ட மா அதிபர் திணைக்களத்தில் சீன உதவியோடு திறந்த நூலகத்தின் பலகையில் சிங்களம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, சீனமும் இருந்தது, தமிழ் மட்டும் இல்லை. சத்தம் போட்ட பிறகுதான் அகற்றினார்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

எங்கள் உறவினர் ஒருவர் ஒரு சின்ன விபத்து விஷயமாக வாக்குமூலம் கொடுக்கப் போனார். தமிழில் சொன்னார், சிங்களத்தில் எழுதினார்கள், கையெழுத்து வைத்துவிட்டு வந்தார். "என்ன எழுதி இருந்தது மாமா?" என்று கேட்டோம். "தெரியாது மகள், அவங்க நல்லாத்தான் எழுதி இருப்பாங்க" என்றார். அறுபது வயது மனிதர். அவர் பிறந்ததும் கொழும்பு, வளர்ந்ததும் கொழும்பு. சிங்களத்தில் பேசுவார், வாசிக்கத் தெரியாது. தமிழில் எழுதித் தாருங்கள் என்று கேட்கும் தைரியமும் இல்லை. இதுதான் பிரச்சினை. பிள்ளைக்குச் சிங்களம் வாசிக்கத் தெரிய வேண்டும், தமிழில் கேட்கும் உரிமையும் தெரிய வேண்டும். இரண்டும் வேண்டும்.

இந்த இடத்தில் சிலர் கேட்பார்கள், "தமிழ் நமக்கு என்ன தந்தது?" நியாயமான கேள்வி. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியவர்கள் நமது மொழியையே பேசினார்கள். அதை மறக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் 2014இல் அளுத்கமையிலும் 2018இல் திகனையிலும் கடை எரிந்தவர்கள் பலர் நம்மை விட நன்றாகச் சிங்களம் பேசுபவர்கள். அவர்களை அது காப்பாற்றவில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு பஸ்ஸில் தமிழில் போன் பேசப் பயந்தோம், கடைப் பலகைகளில் அரபு எழுத்தை அழித்தோம். அதனால் நம்மைப் பற்றிய சந்தேகம் குறைந்ததா? மொழி ஒரு கேடயம் இல்லை. கேடயமாக நினைத்து ஒரு மொழியை வாங்கவும் கூடாது, பாரமாக நினைத்து ஒரு மொழியைப் போடவும் கூடாது.

வெளியாரைச் சொல்வது இலேசு. எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் மகளுக்கு மூன்று வயது இருக்கும்போது ஆங்கிலம் வரட்டும் என்று வீட்டில் இரண்டு பேரும் ஆங்கிலத்திலேயே பேசினோம். தமிழ் எப்படியும் வரும்தானே என்று நினைத்தோம். ஒரு நோன்பு காலம். நோன்பு திறக்க முன்னர் எங்கள் உம்மும்மா அவளை மடியில் வைத்து, யூனுஸ் நபி மீன் வயிற்றில் இருந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கும் இதே கதையை இதே மடியில் வைத்துச் சொன்னவர்கள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்த மகள் எங்களைத் திரும்பிப் பார்த்து, "வாட் இஸ் ஷீ சேயிங்?" என்றாள். உம்மும்மா கதையை நிறுத்திவிட்டார்கள். கோபப்படவில்லை. "புள்ளைக்கு வெளங்குதில்ல" என்று மட்டும் சொன்னார்கள். அந்த வருடத்துக்குப் பிறகு உம்மும்மா இல்லை. அந்தக் கதையின் மீதியை நாங்கள்தான் சொல்லி முடித்தோம், ஆனால் அது உம்மும்மா சொன்ன மாதிரி இல்லை.

ஒரு மொழி இப்படித்தான் வீட்டை விட்டுப் போகிறது. யாரும் துரத்துவதில்லை. கொழும்பு மலாய்ச் சகோதரர்களிடம் கேட்டுப் பாருங்கள். 1869இல் இதே கொழும்பில் அரபு எழுத்தில் "ஆலமத் லங்காபுரி" என்ற மலாய்ப் பத்திரிகை நடத்திய சமூகம் அது. இன்று கொழும்பில் எத்தனை மலாய் வீடுகளில் சின்னப் பிள்ளைகள் மலாய் பேசுகிறார்கள்? புத்தளம் சிரம்பியடியில் ஆபிரிக்க வம்சாவளிச் சகோதரர்கள் இருக்கிறார்கள். அவர்களின் போர்த்துக்கேய மொழி இப்போது பெரும்பாலும் பாட்டில்தான் மிஞ்சியிருக்கிறது. அவர்கள் மீது குறை சொல்லவில்லை. அடுத்தது நாம் என்று சொல்கிறோம்.

இனி ஆசிரியர்களாக நாங்கள் கண்டதைச் சொல்கிறோம்.

நாலாம் தரத்துக்கு ஒரு பிள்ளை வந்தான். மூன்று வருடம் ஒரு சர்வதேசப் பாடசாலையில் படித்தவன். கட்டணம் கட்ட முடியாமல் வாப்பா தமிழ் மீடியத்துக்கு மாற்றினார். வாப்பாவின் கடையில் மீதிச் சல்லி கணக்குப் பார்த்துக் கொடுப்பதில் கெட்டிக்காரன். ஆனால் கணக்குப் பாடத்தில் பூஜ்யம். காரணம், கேள்வியைத் தமிழிலும் வாசிக்கத் தெரியாது, ஆங்கிலத்திலும் விளங்காது. இப்படி ஒவ்வொரு வருடமும் ஒன்றிரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். தன்சானியாவில் ஆரம்பப் பாடசாலையில் சுவாஹிலி, இடைநிலையில் திடீரென்று ஆங்கிலம். அதுவரை வாயாடியாக இருந்த பிள்ளை அன்றிலிருந்து வாய் திறப்பதில்லை என்பது அந்த நாட்டு ஆசிரியர்களின் பழைய முறைப்பாடு. அந்த அமைதி எங்களுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வகுப்பின் கடைசி வாங்கிலும் அது உட்கார்ந்திருக்கிறது.

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தந்ததும் வகுப்பறை சொல்லித்தந்ததும் ஒன்றுதான். ஒரு மொழியில் நன்றாக வாசிக்கப் பழகிய பிள்ளை அடுத்த மொழியைப் பிடித்துவிடும். எதிலும் ஊன்றாத பிள்ளை எல்லாவற்றிலும் தடுமாறும்.

ஆகவே கேட்டவர்களுக்கு எங்கள் பதில் இது.

ஒன்று. வீட்டில் பிள்ளை எந்த மொழியில் அழுது எந்த மொழியில் சிரிக்கிறதோ அந்த மொழியில் முதலாம் தரத்தில் போடுங்கள். கொழும்பில் நமது வீடுகளில் பெரும்பாலும் அது தமிழ். உங்கள் வீட்டில் ஏற்கனவே சிங்களம்தான் என்றால் சிங்களத்தில் போடுங்கள், யாரும் உங்களைக் குறைவாகப் பேச வேண்டாம். ஆனால் உம்மும்மாவோடு பேசும் தமிழை வீட்டில் நிறுத்தாதீர்கள்.

இரண்டு. சிங்களத்தைப் பாடசாலைக்கு மட்டும் விடாதீர்கள். கொப்பி பார்த்து எழுதி யாரும் மொழி பழகியதில்லை. பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளையோடு விளையாட விடுங்கள். பஸ் பலகை, மருந்துச் சீட்டு, பத்திரிகைத் தலைப்பு வாசிக்கப் பழக்குங்கள். க.பொ.த. சாதாரண தரத்தில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் எடுக்கச் சொல்லுங்கள்.

மூன்று. தமிழ் மீடியப் பாடசாலைகளின் குறையையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கணிதம், விஞ்ஞானத்துக்குத் தமிழில் படிப்பிக்க ஆசிரியர் இல்லாமல் வருடக்கணக்கில் ஓடும் வகுப்புகள் கொழும்பில் இருக்கின்றன. பெற்றோர் தமிழை விட்டு ஓடவில்லை, இந்த நிலைமையை விட்டுத்தான் ஓடுகிறார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் சாப்பாட்டுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் பேசும் நேரத்தில் பாதியை ஆசிரியர் வெற்றிடத்துக்குப் பேசுங்கள். எங்களையும் கேள்வி கேளுங்கள். கோபிக்க மாட்டோம்.

நாலு. பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜும்ஆவில் பின் வரிசையில் உட்கார்ந்து போன் நோண்டும் வாலிபர்களில் சிலருக்குக் குத்பாவின் தமிழே விளங்குவதில்லை. ஜும்ஆ முடிந்த பிறகு ஐந்து நிமிடம் சிங்களத்தில் சுருக்கம் சொன்னால் அவர்களும் நம்மோடு இருப்பார்கள். அதோடு வீடுகளில் பெட்டிக்குள் செல்லரிக்கும் அரபுத்தமிழ் கிதாபுகளைச் சேகரித்துப் படம் பிடித்து வையுங்கள். அதை வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் ஒருசிலர் இருக்கிறார்கள். அவர்களை ஒரு சனிக்கிழமை மத்ரஸாவுக்கு அழைத்துப் பிள்ளைகளின் முன் உட்கார வையுங்கள்.

சித்திலெப்பை அவர்கள் 1882இல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகை தொடங்கியபோது தமிழில்தான் தொடங்கினார்கள். அதே மனிதர்தான் முஸ்லிம் பிள்ளைகள் ஆங்கிலமும் படிக்க வேண்டும் என்று பாடுபட்டார்கள். ஒன்றைப் பிடிக்க இன்னொன்றை விட வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை. அல்லாஹ் குர்ஆனில் உங்கள் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பது அவனது அத்தாட்சிகளில் ஒன்று என்று சொல்கிறான். அத்தாட்சியைப் பார்த்து நாம் ஏன் பயப்பட வேண்டும்?

எங்கள் மகளுக்கு இப்போது தமிழ் வருகிறது, அல்ஹம்துலில்லாஹ். சிங்களமும் வருகிறது, பக்கத்து வீட்டு நங்கியின் புண்ணியத்தில். போன கிழமை அவள் தம்பியை மடியில் வைத்து யூனுஸ் நபியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதி தமிழ், பாதி சிங்களம், நடுவில் "த பிஷ் வொஸ் வெரி பிக்". நாங்கள் திருத்தவில்லை. தம்பிக்கு விளங்கியது, அது போதும்.

உங்கள் வீட்டில் எத்தனை மொழி? வயதானவர்களோடு பிள்ளைகள் எந்த மொழியில் பேசுகிறார்கள்? கீழே எழுதுங்கள். முதலாம் தரத்துக்குப் பிள்ளை சேர்க்க இருக்கும் யாராவது தெரிந்தால் இதைப் பகிருங்கள்.

வஸ்ஸலாம்.